எர்சிலியா வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

இத்தாலியின் ஜெனோவா நகரத்துக் கடலோரக் குடியிருப்பான போக்காதாசேயில் எர்சிலியாவின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. ஜெனோவா பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருஷம் சமைத்துப் போட்டவள். ஓய்வு பெற்றாள், கணவனும் போய்ச் சேர்ந்தான். கை அளவு மட்டும் குறையவில்லை. தனக்கென்று அடுப்பு மூட்டினாலும் எட்டுப் பேர் சாப்பிடலாம். மிச்சத்தைத் தெருவே தின்று தீர்த்தது.

அவள் சமையலறைக் கதவு கூழாங்கல் கரையைப் பார்த்துத் திறந்தே கிடக்கும். வெளியூர்க்காரர்கள் வந்து அவள் வீட்டு ரோஜா நிறச் சுவரைப் படம் எடுப்பார்கள். காயப்போட்ட உள்பாவாடையும் படத்தில் சேர்ந்து விழும். அவள் திட்டுவாள். அவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள்.

ஒரு மே மாத ஞாயிறு, சந்து சந்தாக ஏறி இறங்கிக் களைத்த ஒரு மனிதர் நேராக உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னைக்கு என்னம்மா இருக்கு?"

கரண்டியும் கையுமாகத் திரும்பிய எர்சிலியா திட்டத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் கைக்குட்டையைக் கழுத்தில் செருகிக்கொண்டு, பசித்த பிள்ளையைப் போல அவளையே பார்த்தார்.

"நெத்திலி. நடுவுல அடைச்சுப் பொரிச்சது. வேற ஒண்ணும் கிடையாது."

இரண்டாவது தட்டில் பாதி போனதும் மெல்லச் சொன்னார்: "உப்பு ஒரு கல்லு தூக்கல்."

"எந்த ஊரு நீங்க?"

"தோரினோ. டிராம் ஓட்டிக்கிட்டிருந்தேன். பேரு ஒரெஸ்தே."

"அதானே பார்த்தேன்! கடலே இல்லாத ஊரு, எனக்கு உப்பைப் பத்திச் சொல்ல வந்துடுச்சு!"

பக்கத்து வீட்டு நில்டா எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, எப்போ ஹோட்டல் திறந்தே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

ஒரெஸ்தேயின் முகம் வெந்த இறாலாகச் சிவந்தது. சுவரில் கல்யாணப் படம், அடுப்போரம் காலுறை. "ஐயோ, இது வீடா?" என்று பதறி எழுந்தார்.

"உட்காருங்க! தட்டுல மிச்சம் வச்சுட்டு இங்கேருந்து யாரும் எழுந்து போனது கிடையாது."

உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறும் ரயிலேறி வந்தார், மடியில் ஒரு கேக்கோடு. அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். கோடை முடிவதற்குள் மேட்டுச் சந்தில் ஓர் அறை பிடித்துவிட்டார்.

"கல்யாணம் எப்போடி?" என்றாள் நில்டா.

"போடி! ஒருத்தனுக்குத் துவைச்சுப் போட்டதே இந்த ஜென்மத்துக்குப் போதும்."

நவம்பரில் தென்மேற்குக் காற்று கிளம்பியது. பட்டப்பகலில் கடல் கரையைத் தாண்டி வந்து எர்சிலியாவின் கதவை முட்டியது. நீச்சல் தெரியாத ஒரெஸ்தே மேட்டிலிருந்து ஓடி வந்தார். இடுப்பளவு தண்ணீரில், கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றார்.

"மேலே போங்க, மனுஷா! கதவு போனாப் போகுது!"

"நீ போ முதல்ல!"

இருவருமே போகவில்லை. அலை ஓய்ந்ததும் மண்டியிட்டு, சமையலறைக்குள் புகுந்த கூழாங்கற்களை வாரி வெளியே கொட்டினார்கள். குளிரில் அவர் பற்கள் தந்தியடித்தன. எர்சிலியா கணவனின் பழைய கம்பளிச் சட்டையை எடுத்து வந்து அவர் தலைவழியே மாட்டிவிட்டாள்.

"அந்த மேட்டு அறையைக் காலி பண்ணுங்க" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே மாதாகோவிலில் கல்யாணம் நடந்தது. எல்லாரையும்விட அதிகம் அழுதவள் நில்டாதான்.