சொடக்கு எடுத்தால்தான் பதில்

பிள்ளைகளே, நம் வீட்டில் கேள்விக்கு ஒரு கூலி உண்டு. கம்பெனியிலிருந்து வந்ததும் நான் ஷூவைக் கழற்றிவிட்டுப் பாயில் காலை நீட்டுவேன். கேள்வி கேட்கிறவர் என் கால்விரல்களுக்குச் சொடக்கு எடுக்க வேண்டும். பதில் தெரிந்தால் அங்கேயே சொல்வேன். தெரியாவிட்டால், "நாளைக்கு ரயில்ல கேட்டுகினு வரேன்" என்பேன். திருநின்றவூரில் ஏறி அம்பத்தூரில் இறங்குவதற்குள் எங்கள் பெட்டியில் எதற்கும் ஒரு பதில் கிடைத்துவிடும். சரியா தப்பா என்பது வேறு விஷயம். பத்தாவது வரை படித்த எனக்கு அந்த ரயில்தான் காலேஜ்.

பெரியவளே, பிறகு நீ போனிடம் கேட்க ஆரம்பித்தாய். கேட்ட மாத்திரத்தில் பதில், கூலியும் கிடையாது. நான் காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன். நீ என் காலைச் சுற்றிக்கொண்டு போவாய். உங்கள் அம்மா கவனித்துவிட்டாள்.

"இன்னாய்யா, கடைய தொறந்து வச்சிகினு குந்திகீறே, ஒரு கிராக்கியும் காணோம்?"

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் பயம்தான். மெஷினால் வேலை போகும் என்ற பயம் எனக்குப் பழசு. சாதா லேத் போய், கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. வந்தபோதே அதைக் கற்றுக்கொண்டு தப்பித்தவன் நான். இது வேறு பயம். இனி என்னிடம் கேட்க உங்களுக்கு ஒன்றுமே இருக்காதோ என்பது.

போன வாரம் ஒரு சாயங்காலம் நீ வந்து என் காலடியில் உட்கார்ந்து கட்டைவிரலைப் பிடித்தாய்.

"நைனா, மனுசனுக்கு இருக்கிற மூளை மொத்தமும் மெஷினுக்கு வந்துருமா?"

"போனாண்ட கேக்கலியா?"

"கேட்டேன். சீக்கிரம் வந்துரும்னு சில பேரு சொல்றாங்களாம், வராதுன்னு சில பேரு. யாருக்கும் நிச்சயமா தெரியாதாம்."

"அதான் சொல்ட்ச்சே. அப்புறம் இன்னாத்துக்கு எங்கிட்ட வந்தே?"

"நீ இன்னா புருடா உடுவேன்னு கேக்கத்தான்."

உள்ளே சின்னவன் சிரிப்பது கேட்டது. எனக்குப் புருடா ஒன்றும் வரவில்லை.

"தெர்லம்மா. வந்தாலும் வரும். நாளைக்கு ரயில்ல கேட்டுகினு வரேன்."

எழுந்து போய்விடுவாய் என்று நினைத்தேன். நீ ஒவ்வொரு விரலாகச் சொடக்கு எடுத்துக்கொண்டே போனாய். கடைசிச் சுண்டுவிரலை மட்டும் இழுக்காமல் விட்டாய்.

"இது, பதில் கொண்டாந்த அப்புறம்."

மறுநாள் ஆவடி வருவதற்குள் பெட்டியில் எல்லாரையும் கேட்டுவிட்டேன். வரும் என்று பாதிப் பேர், 'போய்யா' என்று மீதிப் பேர். போன் சொன்னதேதான். ஆனாலும் அன்று சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். ஷூவுக்குள் சுண்டுவிரல் காத்துக்கொண்டிருந்தது.