பாதி வாய்ப்பாடு

எங்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதற்கு அய்யா ஊரில் சொன்ன காரணம், அங்கே படிப்பு சரியில்லை என்பது. அது பொய். திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்ச் சர்க்கார் பள்ளியில், சேரிப் பிள்ளைகள் அதுவரை வாசலுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்துதான் பாடம் கேட்டார்கள். புதிதாக வந்த வாத்தியார் அவர்களை உள்ளே கூப்பிட்டு எங்களோடு ஒரே பலகையில் உட்கார வைத்தார். மறுநாளே அய்யா என்னையும் அண்ணனையும் வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டார். வேறு காரணம் எதுவும் கிடையாது.

இனிமேல் வீட்டில் தானே சொல்லிக்கொடுப்பதாக அறிவித்தார். அவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். நாலு பேர் கும்பிடுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர். காலையில் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு படுப்பார். நாங்கள் எதிரே நிற்க வேண்டும். தன் நேரம் வீணாகக் கூடாது என்று ஒரு முறை கண்டுபிடித்து வைத்திருந்தார். அண்ணன் ஒரு வரி சொல்ல வேண்டும், அடுத்த வரியை நான் சொல்ல வேண்டும். அண்ணன் ‘ஓரெட்டு எட்டு’ என்றால் நான் ‘ஈரெட்டு பதினாறு’. அவன் ‘மூவெட்டு இருபத்திநாலு’ என்றால் நான் ‘நாலெட்டு முப்பத்திரண்டு’. நதிகளின் பெயர்களும் அப்படியே, ராஜாக்களும் அப்படியே. சத்தம் நிற்காமல் ஓடினால் படிப்பு நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

விருந்தாளி யார் வந்தாலும் எங்களைக் கூப்பிட்டு நிறுத்துவார். இரண்டு நாயனக்காரர்கள் மாற்றி மாற்றி வாசிப்பதுபோல நாங்கள் பொழிவோம். வந்தவர்கள் வெற்றிலையை மென்றுகொண்டே தலையாட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு வருசம் படிப்பதைத் தன் பிள்ளைகள் அரை வருசத்தில் முடித்துவிடுவார்கள் என்று அய்யா பீற்றிக்கொள்வார். ஒருவர்கூட எங்களில் ஒருவனைத் தனியாக ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர்களும் அதே பலகைக்குப் பயந்து பிள்ளைகளை நிறுத்தியவர்கள்தான்.

ஒருமுறை அண்ணன் காய்ச்சலில் படுத்துவிட்டான். நான் மட்டும் நின்றேன். என் வரிகளைச் சொன்னேன். அவன் வரி வந்தபோது எனக்கு வாய் வரவில்லை. அய்யா கண்ணைத் திறக்காமலே அந்த வரியைத் தானே சொல்லிவிட்டு மேலே போனார். சத்தம் நிற்கவில்லை, அவருக்குத் திருப்தி. அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஆத்தா வெளியே வந்து, “இவனுக்குப் பாதிதாங்க தெரியுது” என்றாள். கையெழுத்துப் போடத் தெரியாதவள் பாடத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டாளா என்று அய்யா அவளை விரட்டினார்.

பிறகு புதுக்கோட்டை ஹைஸ்கூலில் முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், சேர்க்க எங்களை அழைத்துப்போனார். உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ். எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று வெறியே இருந்தது. அது கிடைக்காவிட்டால் அந்தச் சாய்வு நாற்காலிக்கு முன்னால்தான் நின்று சாக வேண்டும்.

தலைமை ஆசிரியரிடம் அய்யா எங்களைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். அவர் கேட்டுவிட்டு அண்ணனிடம் ஆறெட்டு எவ்வளவு என்றார். அது என் வரி. அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சைகை காட்டுவதாக நினைத்து ஆசிரியர் என்னை வராந்தாவுக்கு அனுப்பினார். அண்ணன் முணுமுணுவென்று ஓரெட்டிலிருந்து ஆரம்பித்து, என் வரி வரும் இடத்தில் நின்றுபோய், அழுதேவிட்டான். அடுத்து என்னைக் கூப்பிட்டு ஏழெட்டு கேட்டார். அது அவன் வரி. நானும் வாயைத் திறக்கவில்லை. நதிகளைக் கேட்டார், அதிலும் ஒன்று விட்டு ஒன்றுதான் வந்தது. விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது.

“ரெண்டு பேரையும் ஒண்ணாச் சேத்தா ஒரு பையன் தேறுவான்,” என்றார் அய்யாவிடம். “அரைப் பையனுக்கு இங்க பெஞ்சு இல்ல. ஊர்ப் பள்ளிக்கூடத்துலயே அஞ்சாவது முடிச்சுட்டுக் கூட்டிட்டு வாங்க.”

பஸ்ஸில் வரும்போது அய்யா அந்த மனிதரின் சாதியை ஆராய்ச்சி செய்துகொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும், தன் பிள்ளைகள் அந்தப் பலகையில் உட்காருவதைவிடப் படிக்காமலே இருக்கட்டும் என்றார்.

ஆத்தா சண்டை போடவில்லை. அவர் வயலுக்குப் போனதும் எங்கள் இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்தாள். “நான் முழுப் புள்ளையாத்தான் பெத்தேன்,” என்றாள், வேறு யாருக்கோ சொல்வதுபோல. அண்ணன் தூணைக் கட்டிக்கொண்டான். அய்யாவுக்கு அவ்வளவு பயம். நான் போனேன். பலகையில் சேரிப் பையன் ஒருவன் நகர்ந்து இடம் விட்டான். என் உடம்பில் ஒன்றும் ஒட்டிக்கொள்ளவில்லை.

அய்யா என்னை அடிக்கவில்லை, பேசுவதை நிறுத்தினார். தினமும் சாயங்காலம் கொல்லைப்புறக் கிணற்றில் குளித்து, பள்ளிக்கூடத்துத் துணியை வெளியே போட்டுவிட்டுத்தான் நான் வீட்டுக்குள் நுழையலாம் என்று ஆத்தா வழியாகச் சட்டம் வந்தது. குளித்தேன். மழையிலும் குளித்தேன்.

கிணற்றடியில் நிற்கும்போது உள்ளேயிருந்து வாய்ப்பாடு கேட்கும். காலைப் பாடத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றியிருந்தார், என் காதில் விழ வேண்டும் என்றுதான். அண்ணன் ஒரு வரி சொல்வான். அடுத்த வரியை அய்யா சொல்வார். அண்ணனுக்கு மீசை முளைத்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.