உப்புப் போடாமல் வறுத்த மிளகாய்

சுரங்கக் கூலிகள் குடியிருந்த ஊரிகம் லைனில் ரத்தினம்மாவைப்போல் மிளகாய் வறுக்க ஒருத்தி இனிமேல்தான் பிறக்க வேண்டும். குடியாத்தத்திலிருந்து அம்மிக்குழவியைத் தலையில் சுமந்து நடந்தே வந்தவள் அவள். யார் தயவிலும் நின்றதில்லை. அப்பேர்ப்பட்டவளும் பயந்தது பிளேக் வந்த வருஷத்தில்தான்.

புருஷன் ராஜப்பாவுக்கு மூன்று நாளாய்க் காய்ச்சல். சுரங்கத்துத் தூசி இருமல் வேறு. காய்ச்சல்காரனைக் கண்டால் ஊருக்கு வெளியே கொட்டகைக்குத் தூக்கிப்போய்விடுவார்கள். அடுத்த வீட்டுப் பார்வதம்மாவின் புருஷன் அப்படிப் போனவன்தான், திரும்பவில்லை. அன்று காலையிலேயே ரத்தினம்மா மூன்று தடவை பிளேக் கட்டி இருக்கிறதா என்று ராஜப்பாவின் அக்குளைத் தடவிப் பார்த்துவிட்டாள். கட்டி இல்லை. நாளைக்கு வராது என்று யார் சொல்வது?

வெளியே சோதனைக்காரர்களின் பூட்ஸ் சத்தம் வீடு வீடாக நெருங்கியது. வீடோ மூங்கில் தட்டி. பெருமூச்சு விட்டாலும் வெளியே கேட்கும்.

ராஜப்பாவை மூலையில் கிடத்திக் கோணியால் மூடினாள். "துணிய கடிச்சிக்கோய்யா. இருமினா போச்சு."

சட்டியில் அரைப்படி காய்ந்த மிளகாயைக் கொட்டினாள். வறுக்கும்போது கொஞ்சம் உப்புப் போட்டால் நெடி அடங்கும். அன்று அவள் உப்பைத் தொடவில்லை.

சோதனைக்கு வந்த சுரங்க ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சகாயம் தலையை நீட்டினார். நீட்டியவருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது.

"இன்னாம்மா, லைனையே கொளுத்தப் பாக்குறியா?"

"கொழம்புக்கு வறுக்கறேன் சாமி. உள்ள வந்து குந்துங்க."

"ஊட்டுக்காரன்?"

"ஷிப்டுக்குப் போயிக்கிறாரு."

மூக்கு ஒழுக, பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளமாய்க் கதவில் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டு அவர் நகர்ந்தார். அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் இருமின. ரத்தினம்மாவும் இருமினாள். மூலையில் மட்டும் சத்தமில்லை.

உயிருள்ள எவனும் இந்த நெடிக்கு இருமாமல் இருக்க முடியாது. கோணியை இழுத்தாள். பல்லிடுக்கில் துணி, மூடிய கண், கறுத்த முகம். துணியைப் பிடுங்கி முகத்தில் தண்ணீர் அடித்தாள்.

"இருமுய்யா. கேட்டா கேக்கட்டும், இருமு."

நெஞ்சு உடைகிறமாதிரி அவன் இருமினான். பூட்ஸ் சத்தம் நிற்கவில்லை. லைன் முழுக்க இருமும்போது யாருடைய இருமல் என்று யார் கண்டார்?

மூச்சு வந்ததும் ராஜப்பா முனகினான். "செவப்பு மொளகாய மூட்டை கட்டி வையிமே. கூழும், கடிச்சிக்க ஒரு பச்ச மொளகாயும் குடு."

அவள் மறுபடி அவன் அக்குளில் கை வைத்தாள்.

"ஐயோ, எரியுதுமே. மொளகா கையி."

எரியட்டும் என்று தடவிப் பார்த்தாள். கட்டி இல்லை. வெறும் குளிர்காய்ச்சல்தான் என்று தெரிய இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அவள் கையைக் கழுவிக் கழுவித் தடவிக்கொண்டே இருந்தாள்.