அட்டைப்படத்தின் வலது ஓரம்

இந்நினைவு மலரின் அட்டைப்படத்தில் வலது ஓரம் கறுத்திருப்பது அச்சகத்தின் பிழையன்று. அக்காவின் ஓராண்டு நினைவில் இதைக் கையில் பெறும் உறவினர்களும் நண்பர்களும் காரணத்தை அறிய வேண்டும்.

அக்கா பாகான் டாலாமில் பிறந்தவர். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினேழு வயது. படிப்பை நிறுத்திவிட்டு, நாள்தோறும் ஃபெரியில் கடல் கடந்து, எதிரே உள்ள தீவின் பாயான் பாரு நகரில், தொழிற்சாலை ஒன்றில் பூதக்கண்ணாடியின் கீழ் பழுது தேடும் வேலை செய்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

அத்தான் மறைந்தபின் அவருடைய பழைய பிலிம் கேமராவை அக்காவே பராமரித்தார். அதன் ஷட்டர் இரண்டு துணித் திரைகள். முதலாவது திறந்துகொண்டு ஓடும். இரண்டாவது மூடிக்கொண்டு பின்னால் ஓடும். வேகம் கூடக்கூட இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறுகும். சும்மா கிடந்தால் இறுகிவிடும் என்று, பிலிம் போடாத ஞாயிறுகளில் ஒவ்வொரு வேகத்திலும் அழுத்திக் காதருகே வைத்துக் கேட்பார். பிலிமை நகர்த்தி ஷட்டரைத் தயாராக்கும் விசையை இழுத்த நிலையில் ஒருநாளும் உள்ளே வைக்கமாட்டார். சுருள்வில் தளர்ந்துவிடுமாம்.

சென்ற ஆண்டு, ஒரு பிலிமின் கடைசிப் படத்துக்காக விசையை இழுத்தவர், அழுத்துமுன் மயங்கி விழுந்தார்.

பன்னிரண்டாம் நாள் இதய அறுவை. அன்று காலை கேமராவை மருத்துவமனைக்குக் கொண்டுவரச் சொன்னார். படம் எடுப்பவர் எப்போதும் அவரே என்பதால், மகள் செல்வி வளர்ந்தபின் இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. செல்வி தாயின் தோளில் கைவைத்து நின்று, மறுகையால் போனை எடுத்தாள்.

"போன வை லா. ஷட்டரும் விடுபடணும், நாம ரெண்டு பேரும் படத்துல விழணும். ஒரே அழுத்துல முடியட்டும்," என்றார் அக்கா.

தள்ளுவண்டியுடன் வந்த ஊழியர், "அம்மா, மேல ரெண்டு தடவ கூப்பிட்டாங்க லா," என்றார்.

"இருங்க தம்பி. நான் போகாம டாக்டர் யார வெட்டப் போறாரு?"

பிறகு என்னிடம், "நூத்தி இருபத்தஞ்சுல வைடா. பன்னெண்டு நாளா இழுத்தபடி கெடக்கு. ஆயிரம் பக்கம் போகாத," என்றார்.

சன்னல் வெயில் கண்ணைக் கூசவைத்தது. படம் வெளுத்துவிடும் என்று நானே முடிவுசெய்து, ஷட்டர் வேகத்தை ஆயிரத்துக்குத் திருப்பி அழுத்தினேன்.

அக்காவின் தலை திரும்பியது. "எத்தனைல வச்ச?"

"நூத்தி இருபத்தஞ்சுக்கா."

"சத்தம் அப்படி இல்லையே."

வண்டி நகர்ந்தது. செல்வி மட்டும் உடன் போனாள். மின்தூக்கிக் கதவு மூடியது.

அறுவைக்குப் பிறகு அக்கா கண் விழிக்கவில்லை. நான்காம் நாள் காலமானார்.

பிலிமைக் கழுவியபோது முதல் திரை தளர்ந்து ஓடியிருப்பது தெரிந்தது. இரண்டாவது அதை எட்டிப் பிடித்து வலப்பக்கத்தை மூடிவிட்டது. படத்தில் செல்வி இல்லை. அக்காவின் தோளில் நான்கு விரல்கள் மட்டும் இருந்தன. படத்தைச் செல்வியிடம் கொடுத்து உண்மையைச் சொன்னேன்.

"அம்மாவுக்குத் தெரியும் மாமா. லிஃப்டுலயே சொன்னாங்க. 'ஒன் மாமன் ஆயிரத்துல வச்சிட்டான். நீ நின்ன பக்கம் கறுப்புதான். ஒன் கை மட்டும் தப்பிச்சிருக்கும், பாரு'ன்னு."

அட்டைக்கு இந்தப் படத்தைத் தேர்ந்தவள் அவள்தான்.

அக்காவைத் தூக்கி மருத்துவமனையில் சேர்த்த பாகான் டாலாம் அண்டை வீட்டாருக்கும், மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், வண்டியை ஒரு நிமிடம் நிறுத்திவைத்த அந்த ஊழியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒரு திருத்தம். அக்காவிடம் நான் கடைசியாகச் சொன்னது தவறு. ஷட்டர் வேகம் நூற்றிருபத்தைந்து அன்று, ஆயிரம்.