நடுவில் நிறுத்தியவர்

எழுபதுகளின் கடைசியில் மலைநாட்டுப் பொலிஸ் நிலையம் ஒன்றில் நான் மட்டுமே தமிழ்க் கான்ஸ்டபிள். நிலையப் பெரிய அதிகாரிக்கு மாற்றல் வந்தால் எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுப்போம். படக்காரர் பூண்டுலோயாவிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒல்லியான உடம்பு, நிறம் போன கோட்டு, தூக்கம் போதாத கண்கள். பனி விலகும்வரை கெமரா பெட்டிமேலேயே உட்கார்ந்து கொட்டாவி விடுவார்.

ஒருமுறை, பின்வரிசை ஓரத்தில் நின்ற என்னை நடுவுக்கு இழுத்துவந்தார். அங்கே நின்ற என் சிங்கள அறைத் தோழனை ஓரத்துக்கு அனுப்பினார்.

"ஏங்க மாத்துறீங்க?"

"கண்ணாடிச் சட்டம் ஒரே அளவுதான் கெடைக்குது தம்பி. சட்டம் போடுறவன் ரெண்டு ஓரத்தையும் வெட்டிருவான்," என்றார் மெதுவாக. "நம்மாளு ஒருத்தராவது செவுத்துல இருக்கட்டுமே." சொல்லிவிட்டு மறுபடியும் கொட்டாவி விட்டார்.

பல வருஷம் கழித்து அந்த நிலையத்துக்குப் போனேன். படம் சுவரில் இருந்தது. நடுவில் நான் முழுசாக நின்றேன். படக்காரரை நினைத்தால் நன்றியும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஓரத்தில் ஒரு பாதித் தோள் மட்டும் தெரிந்தது. எங்கள் அறையில் நான் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவனுடைய தோள்.