குழிக்குக் குறுக்கே கட்டிய கயிறு

வடக்கே, கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு முகலாய அரச நகரத்தில், அகழாய்வுக் குழியின் சுவரில் முகத்தை வைத்து மண்ணை மோந்துகொண்டிருந்த ஒருவர், நான் கைபேசியில் மனைவியோடு பேசுவதைக் கேட்டுத் திரும்பினார். மூக்கு நுனியில் சாம்பல். "எடா, நீ கொச்சியா?" என்றார். ஓவர்சியர் அண்ணனை நினைத்தால் முதலில் வருவது அந்த முகம்தான். விசாரித்தால், மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. இரண்டு குடும்பமும் பல தலைமுறைகளுக்கு முன்பு கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள். ஊரில் ஒரு தடவைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. அந்த அகழாய்வில் அவர் குழிகளுக்கு மேற்பார்வையாளர். நான் ஒப்பந்தத்தில் சேர்ந்த புகைப்படக்காரன்.

அரசர் அந்த நகரத்தில் சில காலமே வாழ்ந்தாராம். பிறகு எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். அரண்மனையின் சமையற்கட்டுக்குப் பின்புறம் நாங்கள் தோண்டியபோது ஆளுயரத்துக்கும் மேல் சாம்பல் வந்தது. நடுநடுவே ஆட்டு எலும்பு, நீலப் பூச்சு மங்காத பீங்கான் துண்டுகள். "சாம்பல் மண்ணு கல்லு மாதிரி நிக்கும், நம்பிடாதே" என்பார் அண்ணன். அந்தக் குழியில் ஒரு கணவனும் மனைவியும் வேலை செய்தார்கள். அவன் தூரிகை பிடித்தால் ஓட்டுத்துண்டுகூட நலுங்காது. அவள் மண் கூடை சுமப்பாள். மதியம் வேப்பமரத்தடியில் அவர்கள் ரொட்டியில் பாதி அண்ணனுக்கு வந்துவிடும். அவர் தன் அரைகுறை இந்தியில் கடலைப் பற்றிச் சொல்வார். அக்கரையே தெரியாத தண்ணீர் என்றால் அவள் நம்பமாட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

குளிர்காலத்தில் எதிர்பாராமல் இரண்டு நாள் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலை, குழிச் சுவரில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அண்ணன் குழிக்குக் குறுக்கே சிவப்புக் கயிறு கட்டினார். யாரும் இறங்கக் கூடாது என்றார். அளவுகோலைப் பிடித்துக்கொண்டு வெடிப்பின் அருகே தானே நின்றார். "கயிறும் விரிசலும் நல்லா தெரியணும், கேட்டோ? நாளைக்கு யாராச்சும் கேட்டா காட்டணும்." எடுத்தேன். சுவருக்கு முட்டுக் கொடுக்கப் பலகை வாங்கிவர அவர் டிராக்டரில் ஏறிப் போனார்.

அவர் போன சற்று நேரத்தில், அன்று பிற்பகலே தில்லியிலிருந்து முக்கியமானவர்கள் பார்வையிட வருவதாக அகழாய்வு இயக்குநருக்குத் தகவல் வந்தது. கயிற்றை அவரே அவிழ்த்தார். "பத்து நிமிஷ வேலைதான்" என்று, தரையைத் துடைத்துச் சுத்தம் செய்ய அந்தக் கணவனை இறக்கினார். அவள் காலையிலிருந்தே தொலைவில் வேறொரு குழியில் மண் சுமந்துகொண்டிருந்தாள். நான் அங்கேதான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. சுவர் சத்தமே இல்லாமல், களைத்துப்போன ஆள் உட்காருவதுபோல் சரிந்தது. கைகளால் தோண்டினோம். முகம் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பலகைகளோடு திரும்பி வந்த அண்ணனை இயக்குநர் எல்லோர் முன்னாலும் கைநீட்டிக் கேட்டார்: "குழியைத் திறந்து போட்டுவிட்டு எங்கே போனாய்?" கணவன் தலையை மடியில் வைத்திருந்த அவள் அதைக் கேட்டாள். எழுந்து வந்தாள். ஒரு பிடி சாம்பல் மண்ணை அள்ளி அண்ணனின் நெஞ்சில் எறிந்தாள். அவர் அதைத் தட்டிவிடவில்லை. மாலைவரை அப்படியே இருந்தார்.

மறுவாரம் கூடாரத்தில் விசாரணை நடந்தது. கயிறு கட்டியதாக அண்ணன் சொன்னார். பார்க்கவே இல்லை என்றார் இயக்குநர். கூலியாட்களை யாரும் கேட்கவில்லை. என்னிடம், அன்று காலை எடுத்த படம் ஏதும் உண்டா என்றார்கள். அடுத்த அகழாய்வுப் பருவத்துக்கான என் ஒப்பந்தம் இயக்குநரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. "வெளிச்சம் போதவில்லை, எடுக்கவில்லை" என்றேன். அந்தப் படத்தில் அளவுகோலோடு நின்றவர் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

அவரை நீக்கிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பியவர் தோப்பும்படியில் படகு பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் சாமான் அறையைப் பார்த்துக்கொண்டார். எனக்கு மேலும் மூன்று பருவம் வேலை கிடைத்தது. விடுமுறையில் வந்தால் அவர் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவேன். அவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று கேள்விப்பட்ட பிறகுதான் அந்தப் படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனேன். நான் யாரென்று தெரியாமலே அவர் மனைவி, "உள்ள வாங்கோ, சாயா எடுக்கட்டா?" என்று வரவேற்றார்.

அண்ணன் படத்தை வெகுநேரம் பார்த்தார். "அன்னிக்கு நீ சொல்லுவேன்னு காத்திருந்தேன்டா" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எங்கே வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். தலையசைத்து மறுத்தார்.

"வேலை போனது போகட்டும். இதை அவளுக்குக் காட்டுடா. அவ புருஷனை நான் குழியில இறக்கலேன்னு அவளுக்குத் தெரியணும். அது மதி எனக்கு, அது போதும்."

போனேன். அந்த நகரத்துக்கு இப்போது வேலி போட்டு, நுழைவுச்சீட்டு வைத்துவிட்டார்கள். சமையற்கட்டுக் குழியை மூடிப் புல் வளர்த்திருந்தார்கள். அவள் குடிசை இருந்த இடத்தில் வண்டிகள் நின்றன. கணவன் இறந்த அந்த வருடமே அவள் செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டாள், எந்த ஊர் என்று தெரியாது என்றார்கள் அக்கம்பக்கத்தார். நான்கு நாள் சூளை சூளையாக விசாரித்துவிட்டுத் திரும்பினேன்.

ரயிலில் வரும்போது, கொடுத்துவிட்டேன் என்றே சொல்வதென்று முடிவு செய்திருந்தேன். ஆனால் கூடாரத்தில் பார்த்த அதே பார்வையோடு அவர் கட்டிலில் கிடந்தார். "கிடைச்சாளா?" என்றார்.

"இல்லண்ணே. எங்கே இருக்காங்கன்னு யாருக்கும் தெரியல."

கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனைவி வந்து போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனார். "அப்போ, அவளைப் பொறுத்தவரை நான்தான்..." என்றார் அண்ணன்.

அந்த ஆண்டு மழைக்காலம் முடியுமுன் அவர் போய்விட்டார். அவள் இப்போதும் எங்கோ ஒரு சூளையில் கல் சுமந்துகொண்டிருப்பாள். சபிக்கத் தோன்றும்போது, நான் செய்தது தெரியாததால், அவரைத்தான் சபிப்பாள்.