அடித்த பெயர்

எங்கள் சித்தி இசைப் பிரதி எழுதுகிறவள். இசையமைப்பாளர்கள் கோழி கிளறிய மாதிரி எழுதித் தள்ளுவதை, வாசிக்கிறவர் கண்ணுக்குப் புரியும்படி ஐந்து கோட்டுத் தாளில் திருத்தமாக எழுதிக் கொடுப்பாள். சாப்பாட்டு மேசையில் பாதி அவளுடையது. மீதிப் பாதியில் சித்தப்பா மைக்கூட்டுக்குப் பயந்து பயந்து சாப்பிடுவார்.

ஊரே மெச்சும் ஒரு வயலின் வித்வானுக்கென்று இருபது பேருக்கு மேல் இசை எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் 'இன்னாருக்குச் சமர்ப்பணம்' என்று அவர் பெயர் இருக்கும். பிரதி எடுக்கும்போது அந்த வரிக்கு மட்டும் சித்தி புது நிப் போடுவாள். ஏதோ அவளே சமர்ப்பிப்பது போல ஒரு மிதப்பு!

அந்த மிதப்பு ஒருநாள் இறங்கியது. புதிதாக வந்த ஒன்றைப் பிரதி எடுத்து வித்வானிடம் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மூலத்தை இசையமைப்பாளருக்குத் திருப்பி அனுப்பக் கட்டும்போது ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். சமர்ப்பண வரிகள் இரண்டு. மேலே வேறொரு வயலின்காரர் பெயர், கீழே வித்வான் பெயர். மேல் வரியின் குறுக்கே பென்சிலில் மயிரிழையாக ஓர் அடித்தல். அது கண்ணில் படாமல் இரண்டு பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதித் தொலைத்திருந்தாள்.

"போச்சு! இனிமே யாரு எனக்கு வேலை கொடுப்பாங்க?"

"நீயே போய்ச் சொல்லிடு. அவரா கூப்பிட்டுத் திட்டினா இன்னும் கேவலம்" என்றார் சித்தப்பா. அவர் ஆறுதல் சொல்லும் லட்சணம் அவ்வளவுதான்.

போனாள். வித்வான் வீட்டு வாசலில் நின்றபடியே கொட்டிவிட்டாள்.

"ஐயா, முதல் பக்கத்துல தப்புப் பண்ணிட்டேன். மேல இருக்கறது அடிச்ச பேரு. முதல்ல அவருக்குன்னு எழுதி, அப்புறம் உங்களுக்குன்னு மாத்தியிருக்காங்க."

வித்வானுக்கு முதல் பக்கத்தைப் பார்க்கிற வழக்கமே இல்லையாம். இத்தனை வருஷத்துப் புது நிப்பும் வீண்! பிரதியை எடுத்துவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேல் பெயரைப் படித்தவர், பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த நெட்டையனுக்கா எழுதினாங்க?"

"ஆமாங்க. மன்னிச்சுக்கங்க."

"அட நீங்க ஒண்ணு! மூணாம் பக்கத்துல ஒரு இடம், விரலே எட்டல. ஒரு வாரமா முட்டி மோதறேன். கை போயிடுச்சு, இனிமே மேடை ஏற வேணாம்னு நேத்துதான் வீட்டுல சொன்னேன். அவன் விரல் நீளத்துக்கு எழுதினது எனக்கு எப்படிம்மா எட்டும்?"

சித்திக்கு அப்பாடா என்று இருந்தது. அவருக்கு அதைவிட. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதினவங்ககிட்டயே அந்த இடத்தை மாத்திக் கொடுக்கச் சொல்றேன். அதையும் நீங்கதான் எழுதணும்" என்றார்.